உள்ளே இருந்து வந்தவருக்கு ஒரு தொழில்: கூட நிற்கப் போகிறவர்களுக்கு

ஒரு சாயங்காலம் புழல் சிறை வாசலில் ஒருவருக்காகக் காத்திருந்தேன். ஏழு மணிக்கு மேல்தான் வெளியே வந்தார். கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய கோர்ட் காகிதங்கள், சார்ஜ் இல்லாத ஒரு பட்டன் போன். டீக்கடையில் கேட்டு சார்ஜ் போட்டோம். போனுக்கு உயிர் வந்தது, ஆனால் சிம் செத்திருந்தது. "நம்பர் போச்சாண்ணே?" என்றார். ஆதாரில் இருந்தது அந்த நம்பர்தான். பேங்கில் கொடுத்திருந்ததும் அதுதான். ஊரில் அவர் அம்மாவுக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான். மறுநாளே ஒரு தையல் வகுப்பில் சேர்த்துவிடலாம் என்று நினைத்துப் போயிருந்தேன். வகுப்புக்கு முன்னால் செய்ய வேண்டியது எவ்வளவு இருக்கிறது என்பது அந்த டீக்கடை பெஞ்சில்தான் எனக்குப் புரிந்தது.

சிறையிலிருந்து வந்த ஒருவரையோ நடைபாதையில் படுக்கிற ஒருவரையோ ஒரு தொழிலில் நிறுத்திவிட வேண்டும் என்று முதல் முறையாக இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் சொந்தக்காரராக இருக்கலாம், தன்னார்வலராக இருக்கலாம், அதே தெருவில் கடை வைத்திருப்பவராகவும் இருக்கலாம். சிறையிலிருந்து வந்தவரையும் நடைபாதையில் படுக்கிறவரையும் வேறு வேறு ஆட்களாக நினைக்க வேண்டாம். உள்ளே போனதால் வீட்டை இழந்தவர்கள் உண்டு. வீடு இல்லாததாலேயே சந்தேகக் கேஸில் உள்ளே போனவர்களும் உண்டு.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். சிறையிலிருந்து வருகிறவர் எல்லாரும் தண்டனை பெற்றவர் இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5.73 லட்சம் பேர். அதில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நூற்றுக்கு 75 பேருக்கு மேல். அவர்கள் மேல் இன்னும் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. நாளைக்கு ஒரு முதலாளி முன்னால் போய் நிற்கும்போது இந்த வித்தியாசத்தை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

வெளியே வரும் முன்பே

மனு போட்டு அவரைச் சிறையில் பார்க்கப் போகும்போதே ஆரம்பித்துவிடுங்கள். உள்ளே எந்த செக்‌ஷனில், என்ன மெஷினில், எத்தனை மாதம் வேலை செய்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோவைச் சிறையில் நெசவு, வேலூரில் காலணி, புழலில் தையலும் பேக்கரியும் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு தொழில் நடக்கிறது. சிறைத்துறையும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து நடத்தும் ஃப்ரீடம் பெட்ரோல் பங்குகளில் வேலை பார்த்தவர் என்றால், தினமும் நூற்றுக்கணக்கான பேரிடம் காசு வாங்கி மீதி கொடுத்துப் பழகியவர். இதைவிடப் பெரிய நற்சான்று தேடினாலும் கிடைக்காது. ஆனால் வாயால் சொன்னால் மட்டும் போதாது. பயிற்சி பெற்றதற்கோ வேலை செய்ததற்கோ சிறை நிர்வாகத்திடம் சான்றிதழ் எழுதிக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வெளியே வந்த பிறகு அதே காகிதத்துக்கு அலைவது பெரும் பாடு.

விடுதலைச் சான்று, கணக்கில் சேர்ந்திருக்கும் கூலிப் பணம், உள்ளே போன அன்று ஒப்படைத்த பொருட்கள், இந்த மூன்றையும் சரிபார்த்து வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். குற்றவாளி இல்லை என்று கேஸில் விடுதலை ஆனவர் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வைக்க வேண்டும். பல வருடம் கழித்து யாராவது கேள்வி கேட்டால் அதுதான் பதில் சொல்லும்.

முதல் ராத்திரி

வீட்டில் சேர்த்துக்கொண்டால் நல்லது. சேர்த்துக்கொள்ளாவிட்டால் அவர்களைத் திட்ட வேண்டாம், அவர்களும் அடிபட்டவர்கள்தான். சென்னையில் மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்கள் இருக்கின்றன. ஆண்களுக்கு, பெண்களுக்கு, மனநலம் பாதித்தவர்களுக்கு என்று தனித்தனியாக நடக்கின்றன. 1913 என்ற எண்ணுக்கு போன் செய்து பக்கத்தில் எது, இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருப்பது வேண்டும் என்பது நகரங்களுக்கு வகுத்திருக்கும் அளவு. அதனால் மற்ற நகரங்களிலும் மாநகராட்சியில், நகராட்சியில் விசாரியுங்கள்.

சாப்பாட்டுக்கு அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். கையில் 50 ரூபாய் இருந்தால் இரண்டு மூன்று நாளைத் தாராளமாக ஓட்டலாம். பெண்கள் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போகலாம் என்பதும் உள்ளே பல வருடம் இருந்துவிட்டு வருகிறவருக்குத் தெரியாமல் இருக்கும். அவர் உள்ளே இருந்த நாட்களில் ஊர் எப்படியெல்லாம் மாறிவிட்டது என்று கூட நடந்துகொண்டே சொல்லுங்கள். யூ.பி.ஐ.யில் டீக்குக் காசு கொடுப்பதை முதல் முறை பார்க்கிறவர் முகத்தில் தெரிகிற மிரட்சியை நான் பார்த்திருக்கிறேன்.

நம்பர், ஆதார், பாஸ்புக்

பெரும்பாலான முயற்சிகள் தடுக்கி விழுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ப்ரீபெய்டு சிம் 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் இணைப்பைத் துண்டித்துவிடலாம். அப்புறம் அந்த நம்பர் வேறு யாருக்காவது போய்விடும். பயிற்சிக்குப் பதிவு செய்வது, இ-ஷ்ரம் (அமைப்புசாரா தொழிலாளர் பதிவு) அட்டை எடுப்பது, பேங்க் வேலை எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்தப் பழைய நம்பருக்குத்தான் போகும். அதனால் முதல் வேலை ஒரு சிம் வாங்குவது. இரண்டாவது வேலை ஆதார் மையத்துக்கோ தபால் நிலையத்துக்கோ போய் அந்தப் புது நம்பரை ஆதாரில் சேர்ப்பது. இதற்கு வேறு ஆவணம் தேவையில்லை. கைரேகை வைத்து, சின்னக் கட்டணம் கட்டினால் முடிந்தது.

ஆதாரே இல்லாதவர் என்றால் புதிதாக எடுக்கக் கட்டணம் கிடையாது. முகவரிதான் சிக்கல். ஆதார் ஆணையத்தின் படிவத்தில் போட்டோ ஒட்டி, எம்.எல்.ஏ.வோ கவுன்சிலரோ கெஜட்டட் ஆபீசரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது ஆவணமாகச் செல்லும். அந்தக் கடிதத்துக்கு மூன்று மாதம்தான் ஆயுள், வாங்கின வாரமே போய்விடுங்கள். காப்பகத்தில் தங்கியிருப்பவருக்குக் காப்பகப் பொறுப்பாளர் தரும் சான்றும் உதவும். உள்ளே இருப்பவர்களுக்கு, சிறை அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் போட்ட சேர்க்கை ஆவணத்தை வைத்து ஆதார் எடுக்கவும் வழி இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் வெளியே வரும் முன்பே ஒரு வேலை முடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் 1947 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

பழைய பேங்க் கணக்கு இரண்டு வருடம் வரவு செலவு இல்லாமல் கிடந்தால் செயல்படாத கணக்காகிவிடும். பணம் எங்கேயும் போயிருக்காது, பயப்பட வேண்டாம். ஆதாரோடு போய் கே.ஒய்.சி. கொடுத்தால் திரும்பத் திறந்துவிடுவார்கள். அதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது. கணக்கே இல்லை என்றால் ஜன்தன் கணக்கு, அதில் மினிமம் பேலன்ஸ் தேவையில்லை.

எல்லாக் காகிதத்துக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுங்கள். ஒரு செட் உங்களிடம் இருக்கட்டும். நடைபாதையில் படுக்கிறவரின் பை எந்த ராத்திரியும் காணாமல் போகலாம், மழையில் ஊறலாம். அரசின் டிஜிலாக்கர் ஆப்பிலும் ஏற்றி வைத்துவிட்டால் போன் தொலைந்தாலும் மீட்கலாம்.

பத்தரை மணிக் கையெழுத்து

ஜாமீனில் வந்தவர் என்றால் பெரும்பாலும் கண்டிஷன் இருக்கும். தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. 10.30 மணிக்குக் கையெழுத்துப் போடுகிறவரை எந்த ஓனர் வேலைக்கு வைத்துக்கொள்வார்? எந்தப் பயிற்சி மையம் வருகைப் பதிவு கொடுக்கும்? கண்டிஷன் கையெழுத்து இருக்கிறது என்று தெரியாமலேயே வகுப்பில் சேர்த்துவிட்டு, இரண்டாவது வாரம் "ஆள் ஒழுங்காக வருவதில்லை" என்று பேர் அடித்துவிடுகிறார்கள்.

ஆகவே வகுப்பு தேடும் முன் ஜாமீன் உத்தரவை வாங்கிப் படியுங்கள். கொஞ்ச நாள் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்ட பிறகு, வேலையைக் காரணம் காட்டிக் கண்டிஷனைத் தளர்த்தக் கேட்டு மனு போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், தொலைபேசி எண் 15100. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது.

வாய்தா தேதிகளை ஒரு காலண்டரில் வட்டம் போட்டு, பயிற்சி மையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாய்தா தவறினால் பிடிவாரண்டு, பிடிவாரண்டு வந்தால் அதுவரை செய்த அத்தனையும் போச்சு. போகவே முடியாத நாளுக்கு, அன்று ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு வக்கீல் மனு போட வேண்டும்.

எந்தத் தொழில், எங்கே கற்பது

முதலில் எது ஆகாது என்று சொல்லிவிடுகிறேன். "வாட்ச்மேன் வேலைக்குப் போகட்டுமே" என்று எல்லாரும் சொல்வார்கள். 2005ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி, நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவரை லைசென்ஸ் உள்ள செக்யூரிட்டி ஏஜென்சி வேலைக்கு வைக்கக்கூடாது. கேஸில் விடுதலை ஆனவருக்கு இந்தத் தடை இல்லை. வீடு வீடாகப் போகிற டெலிவரி வேலை, ஆப் டாக்ஸி போன்றவற்றிலும் பின்னணி விசாரணை இருக்கும். பணம் கட்டி டிரைவிங் கற்றுவிட்டு அப்புறம் உடைந்து போவதைவிட, முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கையில் திறமை இருந்தால் யாரும் பூர்வீகம் கேட்காத தொழில்கள் இருக்கின்றன. தையல், வெல்டிங், ஒயரிங், பிளம்பிங், டைல்ஸ் ஒட்டுவது, டூவீலர் மெக்கானிக், ஏ.சி. சர்வீஸ், பேக்கரி, புரோட்டா. ஆனால் பட்டியலைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். "சின்ன வயசில் என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அப்பாவோடு சித்தாள் வேலைக்குப் போயிருப்பார், மாமா கடையில் பஞ்சர் ஒட்டியிருப்பார். கை ஒருமுறை தொட்ட தொழிலுக்குச் சீக்கிரம் திரும்பும்.

தங்க இடம் இல்லாதவருக்கு நான் முதலில் சொல்வது கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களைத்தான். மாவட்டந்தோறும் முன்னோடி வங்கிகள் இவற்றை நடத்துகின்றன. கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து 1982இல் தொடங்கியதுதான் இதற்கு முன்மாதிரி. பயிற்சி இலவசம், தங்குவதும் சாப்பாடும் இலவசம். சில நாளிலிருந்து சில வாரம் வரை நடக்கும். முடித்த பிறகும் இரண்டு வருடம் பின்தொடர்ந்து உதவுவார்கள். 18 முதல் 45 வயது என்பது பழைய வரம்பு, கொஞ்சம் கூட இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். கிராமத்து ஏழைகளுக்கானது என்பதால் நகரத்துக்காரருக்குக் கிடைக்காதே என்று தோன்றும். சென்னை நடைபாதையில் இருக்கிற பலருடைய ஆதாரிலோ ரேஷன் கார்டிலோ விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்று இன்னும் இருக்கும். அதைப் பாருங்கள்.

இளைஞராக இருந்து, தங்க ஒரு இடமும் கிடைத்துவிட்டால் அரசு ஐ.டி.ஐ. நல்லது. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆண்களுக்கு 40 வயது வரை, பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. வெல்டர், ஒயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பு போதும். ஒரு வருடம், இரண்டு வருடம் வருமானமில்லாமல் ஓட்ட முடியுமா என்பதை மட்டும் நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். குடும்பத்துக்குக் காசு அனுப்ப வேண்டிய நிலையில் இருக்கிற 38 வயதுக்காரரை அங்கே சேர்ப்பது நியாயமில்லை.

அவருக்கு ஏற்றது சம்பளத்தோடு கற்கிற இடம். ஒரு நல்ல மேஸ்திரி, ஒரு நல்ல டெய்லரிங் யூனிட், ஒரு நல்ல மாஸ்டர். அமெரிக்காவில் நியூயார்க் பக்கத்தில் யாங்கர்ஸ் என்ற ஊரில், 1982இல் தொடங்கிய கிரேஸ்டன் பேக்கரி என்று ஒன்று நடக்கிறது. பேரை எழுதி வைத்தால் போதும், முறை வரும்போது கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். சிறைக்குப் போனாயா, வீடு இருக்கிறதா என்று கேட்பதில்லை. சம்பளத்தோடு பழக்குவார்கள், நிற்கிறவர் நிற்பார். நம் ஊரில் இப்படிப் போர்டு வைக்காமலேயே செய்கிற சின்ன முதலாளிகள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் உங்கள் உண்மையான வேலை.

பத்து வருடம் உள்ளே தைத்தவருக்கு ஆரம்பப் பாடம் எதற்கு? ஏற்கெனவே உள்ள திறமையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறை மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்டுப் பாருங்கள்.

ரயில் நிலையத்தில், கோயில் வாசலில் வந்து பேசுகிற புரோக்கர்களிடம் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். "சாப்பாடு, ரூம், 20,000 அட்வான்ஸ்" என்பார்கள். வீடில்லாதவருக்கு அது வரமாகத் தெரியும். செங்கல் சூளையிலோ வடமாநிலத்து முறுக்கு கம்பெனியிலோ போய் அந்த அட்வான்ஸைக் கழிக்க முடியாமல் மாட்டிக்கொள்வது கொத்தடிமைதான். 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்திருக்கிறது. யாராவது அப்படிச் சிக்கியிருந்தால் கலெக்டருக்கோ கோட்டாட்சியருக்கோ புகார் கொடுங்கள்.

ஓனரிடம் என்ன சொல்வது

மறைக்க வேண்டாம். நீதிமன்ற இணையதளத்தில் பேரைப் போட்டால் கேஸ் வந்து நிற்கிற காலம் இது. அரசு வேலை விண்ணப்பத்தில் கேள்வி கேட்டிருந்தால் மறைப்பதே தனிக் குற்றச்சாட்டாகிவிடும். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியிருக்கிறது. அதே சமயம் கேட்காத இடத்தில் முழுக் கதையையும் கொட்டவும் வேண்டாம். சிறுவனாக இருந்தபோது நடந்ததற்கும், நன்னடத்தைச் சட்டம் 1958இன்கீழ் விடப்பட்டதற்கும் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. அந்த மாதிரி கேஸ் என்றால் எதையும் எழுதிக் கொடுக்கும் முன் வக்கீலிடம் கேளுங்கள்.

நாங்கள் வீட்டில் சொல்லிப் பழகுவது இவ்வளவுதான்: "சார், ஒரு கேஸில் மூணு வருஷம் உள்ள இருந்தேன். தண்டனை முடிஞ்சிருச்சு. அங்க ஓவர்லாக் மெஷின் ஓட்டினேன், சர்ட்டிபிகேட் இருக்கு. ஒரு வாரம் வேலையைப் பாத்துட்டுச் சொல்லுங்க." நாலே வாக்கியம். அழுகை வேண்டாம், தன்னை நியாயப்படுத்தவும் வேண்டாம். கண்ணாடி முன்னால் இருபது தடவை சொல்லச் சொல்லுங்கள். முதல் பத்து தடவை "உள்ள" என்ற வார்த்தையில் குரல் உள்ளே போய்விடும்.

சம்பளத்தை மாதக் கடைசியில் கொடுத்தால் முதல் மாதம் அவர் எதைச் சாப்பிடுவார்? வாரக் கூலியாகவோ தினப் பேட்டாவாகவோ கேளுங்கள். ஓனரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: முதல் சில மாதம் கல்லாவில் உட்கார வைக்க வேண்டாம். அவரை நம்பாததால் இல்லை. 500 ரூபாய் குறைந்தால் எல்லார் கண்ணும் யார் மேல் திரும்பும் என்று நமக்குத் தெரியும். அந்த நிலைமையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தக்கூடாது.

முதல் மூன்று மாதம்

புழல் வாசலில் பார்த்தேன் என்றேனே, அவர் ஒரு தையல் யூனிட்டில் சேர்ந்தார். முதல் வாரம் ஓனர் கடந்து போகும்போதெல்லாம் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். பாத்ரூம் போகக்கூட வந்து கேட்டார். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். மத்தியானம் சாப்பிடும்போது தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்துவிடுவார். தையலில் அவரை யாராலும் குறை சொல்ல முடியவில்லை. அங்கே இருந்த மூத்த அக்கா ஒருவர், "தம்பி, இங்க யாரும் மணி அடிக்க மாட்டாங்க, மெதுவா சாப்பிடு" என்று தினமும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அப்படி ஒரு ஆள் வேலை இடத்தில் இருக்கிறாரா என்று முதல் நாளே பார்த்து, அவரிடம் தனியாகப் பேசி வையுங்கள். எந்தச் சான்றிதழாலும் செய்ய முடியாததை அந்த அக்கா செய்தார்.

ராத்திரி தூக்கம் வராது, கூட்டம் ஆகாது, திடீரென்று கோபம் வரும். 14416 என்ற மனநல உதவி எண்ணில் காசில்லாமல் தமிழில் பேசலாம். குடி அல்லது போதைப் பழக்கம் இருந்தால் 14446. சாலையோரத்தில் மனநலம் பாதித்து இருக்கும் பெண்களுக்காகச் சென்னையில் 1993 முதல் பேன்யன் அமைப்பு வேலை செய்கிறது. அப்படிப்பட்டவரைப் பயிற்சிக்குத் தள்ளும் முன் சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள். வெளியே வரும் பெண்களுக்கு வாசலில் காத்திருப்பவர்கள் மிகக் குறைவு. பெண்கள் உதவி எண்ணான 181ஐ அவர்கள் கையில் எழுதிக் கொடுங்கள். வேலை கிடைத்ததும் வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளில் விண்ணப்பிக்கலாம்.

வேலை நிலைத்துவிட்டது என்று தெரிந்ததும் இ-ஷ்ரம் பதிவு (16 முதல் 59 வயது வரை, இலவசம்). கட்டட வேலை என்றால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிவு செய்துவிடுங்கள். சொந்தமாகத் தள்ளுவண்டியோ தையல் மெஷினோ வைக்க ஆசைப்பட்டால் மாவட்டத்தில் உள்ள நன்னடத்தை அலுவலரைப் போய்ப் பாருங்கள். விடுதலையானவர்களுக்கு உதவும் சங்கத்தின் உதவி அவர் வழியாகத்தான் வரும். தெருவோர வியாபாரம் என்றால் மாநகராட்சியின் விற்பனையாளர் அட்டை வாங்கி, மத்திய அரசின் ஸ்வநிதி திட்டத்தில் கடன் கேட்கலாம். ஆனால் ஆறு மாதம் கூலிக்கு நின்று, வாராவாரம் கொஞ்சம் மிச்சம் பிடித்துக் காட்டிய பிறகுதான் கடனுக்குக் கையெழுத்துப் போடச் சொல்வேன். வெளியே வந்த சூட்டோடு வாங்கிய கடனில் தள்ளுவண்டி போய், வட்டிக்காரர் மட்டும் மிஞ்சியதைப் பார்த்திருக்கிறேன்.

சம்பள நாள்தான் ஆபத்தான நாள். பெரும்பாலும் சனிக்கிழமை. டாஸ்மாக் வழியில்தான் இருக்கும், பழைய ஆட்கள் அங்கேதான் நிற்பார்கள். முடிந்தால் கூலியைப் பேங்க் கணக்கில் போடச் சொல்லி ஓனரிடம் கேளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு நீங்களே போன் போடுங்கள். "பணம் வந்துச்சா?" என்று கேட்காதீர்கள், "சாப்பிட்டாச்சா, எங்க இருக்கீங்க, நான் வரட்டுமா?" என்று கேளுங்கள். போன் எடுக்காவிட்டால் கிளம்பிப் போங்கள்.